விளம்பரம் போட அவசரப்படுத்துகிறவரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று நாள் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடி, மாங்குளம், யானைமலை, அரிட்டாபட்டி என்று சுற்றியுள்ள மலைகளுக்குக் கிளம்பிவிடுவேன். சமணர் படுக்கைக்கு எந்த வழியாக ஏற வேண்டும், எங்கே வழுக்கும், அடிவாரத்தில் தண்ணீர் கிடைக்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதி வைத்ததையெல்லாம் 2025 தை மாதம் ஒரு வெப்சைட்டாகப் போட்டேன். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்த நேரம் அது. அரிட்டாபட்டி எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் என் பக்கத்துக்கும் வந்தார்கள். நாளுக்கு 40, 50 பேர். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

பங்குனியில் ஒரு தம்பி பேனர் அடிக்க வந்தார். பைபாஸ் ரோட்டில் மாடியில் ஆபீஸ், 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' செய்கிறோம் என்றார். பேச்சுவாக்கில் நான் வெப்சைட்டைக் காட்டிவிட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னண்ணே, இத்தனை நல்லா எழுதிட்டு ஒரு விளம்பரம்கூட இல்லாம வச்சிருக்கீங்க? சித்திரைத் திருவிழா வருது. மதுரைன்னு தேடுறவன் பூராம் உங்க பக்கத்துக்குத்தான் வருவான். அதுக்குள்ள விளம்பரம் ஓடணும்ணே. ஆட்சென்ஸ் அப்ரூவல் நாங்க வாங்கித் தர்றோம்."

ஆட்சென்ஸ் என்றால், நம் தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டி, வருகிற காசில் நமக்கும் பங்கு தருகிற ஏற்பாடு. மொத்தம் 14,500 ரூபாய். முதலில் 9,000 ஜிபே செய்தேன், அப்ரூவல் வந்ததும் மீதி 5,500. ரசீது கேட்கவில்லை. ஜிமெயில் பாஸ்வேர்டையும் வெப்சைட்டின் அட்மின் லாகினையும் நானே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனுக்கு வந்த ஓடிபியையும் படித்துச் சொன்னேன். ஊருக்கெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்போது 'ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க' என்று சொல்கிற ஆள் நான்தான்.

ஆட்சென்ஸுக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. 2018லிருந்து தமிழ்த் தளங்களுக்கும் அது உண்டு. நாமே விண்ணப்பிக்கலாம், பக்கத்தைப் பார்த்து முடிவு செய்வது கூகுள். 'வாங்கித் தருகிறோம்' என்று இடையில் ஒருவர் விற்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சித்திரை பிறந்த சமயம் கோதாநாயகி என்று ஊரில் நாங்கள் கூப்பிடுகிற அத்தை போன் செய்தார். "ஏப்பா, உன் மலையைப் பாக்கலாம்னு தட்டுனா எவனோ ரம்மி ஆடுன்னு கூப்புடுறான்?" எனக்குப் புரியவில்லை. கடை கம்ப்யூட்டரில் திறந்தேன், சுத்தமாக இருந்தது. என் போனிலும் சரியாகத்தான் வந்தது. அத்தை எதையோ மாற்றித் தட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பேனருக்கு வந்த ஒரு வாத்தியாரும் அதையே சொன்னார்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் தன் போனை எடுத்து, நேராக முகவரியைப் போடாமல், கூகுளில் தேடி உள்ளே போனான். சமணர் மலைக் கட்டுரையில் விரலை வைத்ததும் பின்னால் இன்னொரு பக்கம் திறந்தது: சூதாட்ட ஆப், 500 ரூபாய் போனஸ். "மாமா, நீங்க லாகின் பண்ணியிருக்கீங்க, அதனால உங்களுக்குக் காட்டாது. வெளியாளுக்கு மட்டும் காட்டுற மாதிரி எழுதி வச்சிருக்கான்" என்றான். அந்த விளம்பரத்துக்கு வருகிற காசு யார் கணக்குக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கணக்குக்கு வரவில்லை.

தம்பிக்கு போன் போட்டேன். "ஆட்சென்ஸ் வர்ற வரைக்கும் சும்மா ஓடட்டும்னு போட்டதுண்ணே, எடுத்துடுறேன்" என்றார். எடுத்ததாகவும் சொன்னார். அந்த வாரமே அப்ரூவலும் வந்துவிட்டது. அது வந்ததற்குக் காரணம் நான் எழுதிய 23 கட்டுரைகள். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பையன் கெட்டிக்காரன் என்று நினைத்து மீதி 5,500ஐயும் அனுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் கூட்டம் வந்தது பாருங்கள். 50 பேர் வந்த இடத்தில் 2,000 பேர். திருக்கல்யாணம் மே 8, அழகர் ஆற்றில் இறங்கியது மே 12. திருவிழாக் கூட்டம் என்றே நம்பினேன். கணக்கில் டாலர் ஏறிக்கொண்டிருந்தது. 10 தாண்டியது, 30 தாண்டியது, 63ல் நின்றது. கடையில் டீ வாங்கி வரும் பையனுக்குக்கூட அந்தத் திரையைக் காட்டினேன்.

அக்கா மகன்தான் தளத்தின் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். வந்த 2,000 பேரும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார்கள். அழகரைப் பார்க்க வந்த கூட்டமா இது? ஆளே இல்லாமல் மென்பொருள் வைத்துத் தட்டிய தட்டு. மே 14 காலையில் மெயில் வந்தது: முறையற்ற கிளிக்குகள், கணக்கு முடக்கப்பட்டது. அந்த 63 டாலரும் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். மேல்முறையீட்டுப் படிவம் ஒன்று உண்டு, நிரப்பி அனுப்பினேன், தள்ளுபடி. ஆட்சென்ஸில் ஒருவருக்கு ஒரு கணக்குதான். முடக்கப்பட்டவர் இன்னொன்று திறக்கவும் வழியில்லை.

பைபாஸ் ரோட்டு மாடி ஏறிப் போனேன். "அப்ரூவல் வாங்கித் தர்றோம்னுதானண்ணே சொன்னோம். வாங்கிக் கொடுத்துட்டோம்ல?" ஏசி காற்றில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்ன எழுதுவது? பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன். பணத்தையும் நான்தான் அனுப்பினேன்.

அவசரம் எதற்கு என்று பங்குனியிலேயே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். நாளுக்கு 50 பேர், ஆளுக்கு இரண்டு பக்கம், ஆக 100 பக்கம். நூறு பக்கத்துக்கு ஒருமுறை யாரோ விளம்பரத்தைத் தட்டுகிறார், தட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் பணம் அனுப்ப 100 டாலர் சேர வேண்டும், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 8,500 ரூபாய். 2,800 நாளுக்கு மேல் ஆகும். ஏழே முக்கால் வருஷம்! இந்த 3 ரூபாய்க்காகத்தான் அரிட்டாபட்டி குடைவரைக் கோயிலைப் படிக்க வந்தவரை ரம்மி ஆட அனுப்பியிருக்கிறேன்.

புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்டால் இப்போது ஒன்றுதான் சொல்வேன். சொந்தக்காரர், வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, முன்பின் தெரியாத ஆள் தேடி வருகிறாரா, வந்தவர் அடுத்த கட்டுரையையும் தட்டுகிறாரா, அடுத்த மாதமும் வருகிறாரா என்று பாருங்கள். அது நடக்கிற வரைக்கும் விளம்பரப் பேச்சே வேண்டாம். நடந்த பிறகு நீங்களே விண்ணப்பியுங்கள். தளத்தில் அட்மின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். என்னுடையதில் தம்பி 'சப்போர்ட்' என்ற பெயரில் இன்னொரு அட்மினாக உட்கார்ந்திருந்தார். அதையும், அவர் தளத்துக்குள் எழுதி வைத்திருந்ததையும் நீக்கிய பிறகுதான் ரம்மி நின்றது. உங்கள் பக்கத்தை லாகின் இல்லாமல், வேறொருவர் போனில், கூகுளில் தேடிப் போய்ப் பாருங்கள்.

இப்போது நாளுக்கு 15, 20 பேர் வருகிறார்கள். அத்தை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

மே கடைசியில் தபால்காரர் ஒரு மடிப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். 10 டாலர் தாண்டினால் முகவரியைச் சரிபார்க்க ஆட்சென்ஸ் அனுப்புகிற பின் நம்பர். சிம்மக்கல் கடை முகவரி எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. ஓரத்தைக் கிழிக்காமல் அப்படியே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.