டர்போ எஞ்சினுக்கு எந்த ஸ்பார்க் பிளக்: நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

பிளக் மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'இரிடியம் போடலாமா?' என்பதுதான். டர்போ எஞ்சினில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. முதலில் ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு), அடுத்து முனை இடைவெளி (ஸ்பார்க் தாண்டும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள தூரம்), பிறகுதான் உலோகம். முதல் இரண்டும் பொருந்திவிட்டால் சாதாரண நிக்கல் பிளக்கே முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில், ஒழுங்காகப் பற்றவைக்கும். அவை தவறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இரிடியமும் மிஸ்ஃபயர் (கலவை பற்றாமல் போவது) காட்டும். மோசமான நிலையில் பிஸ்டனுக்கே ஆபத்து.

ஹாட் பிளக், கோல்ட் பிளக்

எஞ்சின் ஓடும்போது பிளக்கின் நுனி சுமார் 500 முதல் 800 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பீங்கானில் படியும் கரி எரிந்து போகாது. மேலே போனால் நுனியே சூடேறிச் சிவந்து, ஸ்பார்க் வருமுன் காற்று-பெட்ரோல் கலவையைப் பற்றவைத்துவிடும். ப்ரீ-இக்னிஷன் எனப்படும் இதுதான் பிஸ்டனில் ஓட்டை போடுவது.

ஹாட் பிளக்கில் பீங்கான் மூக்கு நீளம். சூடு சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும். கோல்ட் பிளக்கில் மூக்கு குட்டை. சூடு சீக்கிரம் இறங்கிவிடும். எண்ணைப் பார்த்து வாங்கும்போது ஒரு குழப்பம் உண்டு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூட பிளக் கோல்ட். போஷ், சாம்பியன் இரண்டிலும் நேர் தலைகீழ். என்ஜிகே 6 என்பது டென்சோவில் 20. 7 என்றால் 22. 8 என்றால் 24. ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், பொருத்த அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

ட்யூன் செய்யாத டர்போ காருக்குத் தயாரிப்பாளர் சொன்ன ஹீட் ரேஞ்சே போதும். பூஸ்ட்டைக் கணக்கில் எடுத்துத்தான் அதைத் தேர்ந்திருப்பார்கள். ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, பூஸ்ட் ஏற்றியிருந்தால் ஒரு படி கோல்ட். கூடுதலாக வரும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பது பொதுவாகப் பழக்கத்தில் உள்ள கணக்கு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு படி இறங்குபவர்கள் குளிர் ஸ்டார்ட்டில் திணறலையும், குறுகிய தூர ஓட்டத்தில் கரி பிடித்த பிளக்கையும்தான் பார்ப்பார்கள். நாக்கிங்குக்கும் (கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) கோல்ட் பிளக் மருந்தல்ல. அதற்குப் பார்க்க வேண்டியவை பெட்ரோலின் ஆக்டேன், இக்னிஷன் டைமிங், உள்ளிழுக்கும் காற்றின் சூடு.

0.7 மி.மீ.யா, 1.1 மி.மீ.யா

டர்போ இல்லாத பல எஞ்சின்களில் இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். பெரிய இடைவெளி, பெரிய ஸ்பார்க், சீரான ஐட்லிங். பூஸ்ட் ஏறியதும் கணக்கு மாறுகிறது. சிலிண்டருக்குள் காற்று அடர்த்தியாகும். அதைத் தாண்டிப் பாயக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். இக்னிஷன் காயிலால் கொடுக்க முடிந்த எல்லையை அது தாண்டினால் ஸ்பார்க் வராது, அல்லது பீங்கானின் வெளிப்புறமாகக் கசிந்துவிடும். அதனால்தான் டர்போவில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ.

மிஸ்ஃபயர் எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, உயர் கியரில் மிதிக்கும்போது, அதாவது டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) உச்சத்தில் இருக்கும் இடத்தில் குலுங்கினால் முதல் சந்தேகம் இடைவெளியின் மேல். 0.05 மி.மீ. வீதம் குறைத்துப் பாருங்கள். ஒரேயடியாக 0.5க்குப் போனால் ஐட்லிங் கெடும்.

வாங்கும்போதே இதைப் பார்த்துவிடலாம். பி.கே.ஆர்.6.ஈ.ஐ.எக்ஸ் என்ற என்ஜிகே பிளக்கில் 'பி' என்பது 14 மி.மீ. த்ரெட், 'கே' என்பது 16 மி.மீ. ஸ்பேனர் அளவு, 'ஆர்' ரெசிஸ்டர், 6 ஹீட் ரேஞ்ச், 'ஈ' 19 மி.மீ. த்ரெட் நீளம். அதே பெயரின் கடைசியில் '-11' சேர்ந்தால் இடைவெளி 1.1 மி.மீ. இரண்டு பெட்டிகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்; டர்போ காருக்கு அந்த '-11' வேண்டாம். 'ஆர்' இல்லாத பிளக்கும் வேண்டாம். அதன் மின் இரைச்சல் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சென்சார்களையும் குழப்பும்.

உலோகம்

நிக்கல் பிளக்கின் நடு முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன், இரிடியத்தில் 0.4 முதல் 0.7 மி.மீ. மெல்லிய முனையிலிருந்து குறைந்த வோல்டேஜிலேயே ஸ்பார்க் பாயும். அதில் பற்றிய தீ வளரவும் இடம் கிடைக்கும். டர்போவில் காயிலுக்கு இருக்கும் நெருக்கடியைப் பார்த்தால் இது சின்ன லாபம் அல்ல. நிக்கல் உருகுவது 1455 டிகிரியில், பிளாட்டினம் 1768, இரிடியம் ஏறக்குறைய 2450. தேய்மானத்தைத் தாங்குவதிலும் அதே வரிசைதான்.

நிக்கலுக்குச் சாதகமானது விலையும், இடைவெளியைப் பயமின்றித் திருத்தும் வசதியும். கடுமையாக ட்யூன் செய்து, 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அது நல்ல தேர்வுதான். பிளக்கை எட்டவே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய எஞ்சினில் அதே நிக்கல் தலைவலி.

இரிடியத்திலும் இரண்டு வகை. நடு முனை மட்டும் இரிடியமாக, அதற்கு எதிரே வளைந்திருக்கும் எர்த் முனை நிக்கலாக உள்ளது ஒன்று. எர்த் முனையிலும் பிளாட்டினம் பதித்தது இன்னொன்று. முன்னது ஸ்பார்க்கில் குறைவில்லை, ஆயுளில் குறைவு. தினசரி ஓட்டும், ட்யூன் செய்யாத காருக்கு என் ஓட்டு பின்னதற்கே. நடு முனையில் மட்டும் பிளாட்டினம் உள்ள ஒற்றை பிளாட்டினத்தை டர்போவுக்கு வாங்கக் காரணமே இல்லை. ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்கு ஸ்பார்க் தரும் அமைப்பில் பாதி பிளக்குகளில் மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்து எர்த் முனையைத் தின்னும். அங்கே இரு முனையிலும் பிளாட்டினம் வேண்டும். மூன்று நான்கு எர்த் முனை உள்ள பிளக் அதிக ஸ்பார்க் தராது. ஒரு நேரத்தில் ஏதேனும் ஒரு முனைக்குத்தான் பாயும்.

மாட்டும்போது

எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் த்ரெட் பிய்ந்துவிடும். இரிடியத்தின் இடைவெளியைக் கம்பி கேஜால் அளந்து, எர்த் முனையை மட்டும் வளையுங்கள். நாணயம் போன்ற கேஜை நடு முனையில் ஊன்றி நெம்பினால் முனை உடையும், அல்லது பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரியும்.

வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. காரின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு. முலாம் பூசிய த்ரெட்டில் கிரீஸ் தடவ வேண்டாம். அதே இறுக்கும் விசையில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும். தளர்வாக விட்டாலும் கேடுதான்: சூடு ஹெட்டுக்கு இறங்க வழியின்றி, சரியான ஹீட் ரேஞ்ச் பிளக்கே ஹாட் பிளக் போல நடந்துகொள்ளும்.

கழற்றிய பழைய பிளக்குகளை எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் வையுங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு அல்லது எரிபொருள் பற்றாக்குறை. பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோலப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங். புதிய பிளக்கை மாட்டி முழு பூஸ்ட் கொடுக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். எண்ணெய் ஈரம் இருந்தால் வால்வ் ஸ்டெம் சீல், பிஸ்டன் ரிங், டர்போவின் எண்ணெய் சீல் ஆகியவற்றைச் சோதியுங்கள்; எந்த பிளக்கை மாட்டினாலும் அந்த ஈரம் திரும்ப வரும்.