ஹாஹோவா, போங்சானா?

கொரிய முகமூடி நாடகங்களில் எதை முதலில் பார்ப்பது? என் மனம் போங்சான் பக்கம்தான். ஆனால் ஹாஹோவைத் தள்ளிவிடவும் முடியாது.

ஹாஹோ, தென் கொரியாவின் ஆண்டோங் நகர் அருகே யாங்பான் எனும் மேட்டுக்குடியினர் வாழ்ந்த கிராமம். ஊர்த் தெய்வத்துக்கான சடங்கோடு பிறந்த ஆட்டம் இது. முகமூடிகள் மரத்தில் செதுக்கியவை. யாங்பான் முகமூடியின் தாடை தனியாக அசையும், தலையை நிமிர்த்தினால் வாய் விரிந்து சிரிக்கும். யாங்பானும் அறிஞரும் "என் குலம் பெரிது", "நான் படித்தது அதிகம்" என்று மோதுவார்கள். அப்புறம் வீரியத்துக்கு நல்லது என்று கேட்டதும், கசாப்புக்காரன் விற்கும் காளை விதைக்காக இருவரும் இழுபறி போடுவார்கள். அந்த யாங்பான்களின் ஊரிலேயே இதை ஆடினார்கள் என்பதுதான் என்னை அசரவைக்கிறது.

போங்சான் ஆட்டத்தின் சொந்த மண், இன்று வட கொரியாவில் உள்ள ஹ்வாங்ஹே. கொரியப் போரில் தெற்கே வந்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். 1967இல் தென் கொரியா அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஹாஹோவுக்கு அது 1980இல்தான் கிடைத்தது. போங்சானில் நீண்ட வெள்ளைக் கைத்துணி வீசித் துள்ளும் நடனம் பிரமாதம். வேலைக்காரன் மால்துகி தன் எஜமானர்களின் எதிரிலேயே, யாங்பான் என்பது நாய்த்தோல் விரிப்பின் 'யாங்', நாய்க்கால் மேசையின் 'பான்' என்று பிரித்துச் சொல்வான். அவர்கள் அதட்டியதும் பேச்சை மாற்றிவிடுவான், அவர்களும் ஏமாந்து ஆடத் தொடங்குவார்கள்.

கொரிய மொழி தெரியாதா? சரி, ஹாஹோவில் தொடங்குங்கள். முகமூடியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.