லின்டன் பெட்டிக்கு எண்ணெய் பாலிஷ்: சில வருடங்கள் கழித்து, கொஞ்சம் கோபத்தோடு

வார்ஃப்டேல் கம்பெனியின் பழைய லின்டன் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது, பெட்டிதான் மோசம், மரத்தை மட்டும் சரிசெய்து எடுத்துவிடலாமா என்று நண்பர் கேட்கிறார். என் வீட்டில் இருப்பதும் 1970-களின் டீக் வினீர் லின்டன்தான்; வினீர் என்றால் பலகைமேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு. மரவேலை முடிந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. அதனால் சத்தத்தை விட்டுவிட்டு மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய் பாலிஷில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்பு வைத்திருந்தவர் யாரோ அரக்கு பாலிஷ் அடித்திருந்தார். சென்னை மழைக்காலத்து ஈரத்தில் அது வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால் பனியன் வேஸ்ட்டில் தொட்டுத் தொட்டுத் துடைத்தே எடுத்துவிட்டேன். உப்புத்தாள் போடவே இல்லை. வினீர் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது; மூலையில் இரண்டு இழுப்பு அதிகமானால் உள்ளே இருக்கும் சிப்போர்டு, அதாவது மரத்துகள் பலகை, எட்டிப் பார்க்கும். அப்புறம் காய்ச்சிய லின்சீட் எண்ணெயில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு, கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிட்டு இன்னொரு பூச்சு. செத்துக் கிடந்த மரத்தில் ரேகை எழுந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! இன்றுவரை உரியவில்லை, வெளுக்கவில்லை. எப்போதாவது மங்கினால் மேலாக ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

இரண்டே எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்; விரித்துக் காயப்போடுங்கள். தேய்க்கிற இரும்பு நாரான ஸ்டீல் வூலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து உதிரும் இரும்புத் தூளை ஸ்பீக்கரின் காந்தம் இழுத்து, உள்ளே அசையும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இடைவெளியில் சேர்த்துக்கொண்டால் கரகர சத்தம்தான்.

இனி கீழ்ச்சட்டம். தரையில் வைத்த பெட்டி, தினமும் மாப் தண்ணீர். இடது பெட்டியின் முன்பக்கக் கீழ்விளிம்பு ஊறி உப்பியிருந்தது. ஆசாரி அதை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தேக்கில் பீடிங், அதாவது விளிம்புப் பட்டை, இழைத்து ஒட்டினார். மூலையில் நாற்பத்தைந்து டிகிரி இணைப்பு. இன்றைக்கும் நகம் வைத்தால் மாட்டாது. அவர் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். பாலிஷ்காரர் வந்து கலர் கலந்து, பழைய வினீரோடு அப்படியே பொருத்திக் கொடுத்தார். அன்றைக்கு எது பழசு எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் புதுத் தேக்கு வெளிச்சம் பட்டுத் தானாகவே நிறம் ஏறும். பழைய வினீர் ஏற வேண்டியதெல்லாம் எப்போதோ ஏறி நின்றுவிட்டது. போட்ட கலரும் மரத்தின் சொந்த நிறமும் சேர்ந்து, அந்தப் பட்டை இப்போது வெற்றிலை போட்ட உதடு மாதிரி தனியாகத் தெரிகிறது. பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகிறது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்கிறார்கள். எப்படித் தெரியாமல் இருக்கும்?

நியாயமாகப் பார்த்தால் பாலிஷ்காரர்மேல் தப்பில்லை. கலர் சேர வேண்டும் என்று கேட்டேன், சேர்த்துக் கொடுத்தார், காசு வாங்கினார். இருந்தாலும் தேக்கிலேயே பிழைப்பு நடத்துகிறவர், “கொஞ்சம் வெளிறலா இருக்கட்டும் சார், போகப்போக சேர்ந்துக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு கேட்டதற்கு, “மரம்னா அப்படித்தான் சார்” என்றார். சரி! இப்போது அந்தக் கலரைச் சுரண்டினால் பக்கத்து வினீர் போகும். பீடிங்கை மாற்றினால் இணைப்பு போகும்.

எண்ணெய் பாலிஷுக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தாராளமாகக் கொடுப்பேன். செலவு குறைவு, வேலை சுலபம், மழைக்காலத்தையும் தாங்குகிறது. ஆனாலும் நண்பரே, அந்த ஜோடியை வாங்காதீர்கள். கீழ்விளிம்பு ஊறாமல் இருந்தாலும் வாங்காதீர்கள். காசு இருந்தால் 2019-இல் வந்த புது லின்டனான லின்டன் ஹெரிடேஜைப் பாருங்கள், இரண்டு பெட்டியும் ஒரே நிறத்தில் இருக்கும். என்னுடையதைத் தருவேனா என்று மட்டும் கேட்க வேண்டாம், தர மாட்டேன்.