பத்து லட்ச லென்ஸா, பழகிய கண்ணா?

காட்டுயிர்ப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் போகாது. ஒரு பக்கம் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி அதிகம்): விலை பத்து லட்சத்தைத் தாண்டும், எடை மூன்று கிலோ. இன்னொரு பக்கம் ஒரு லட்சத்தை ஒட்டிய 150-600 ஜூம், கூடவே பறவையின் போக்கு தெரிந்த ஆள். யார் ஜெயிப்பார்? எந்த இடம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

வேடந்தாங்கலில், ஜனவரிக் காலை வெயிலில், ஜூம்காரர்தான். வெளிச்சம் தாராளம், எஃப்/4 கூடுதலாகத் தருவது பின்னணி மங்கும் அழகு, கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான். ஆனால் பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் முதுகில் படும்படி நின்றால் கூழைக்கடா முகம் காட்டி இறங்கும். மாறி நின்றால் எந்த லென்ஸிலும் வால்தான். உட்கார்ந்திருக்கும் நாரை திடீரென எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்க வாய்ப்பு அதிகம். பழகியவர் விரல் அப்போதே ஷட்டரில் இருக்கும். இருண்ட மரத்தின் முன் வெண்கொக்கு என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைப்பார். இல்லாவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டு.

முதுமலையில் மாலை ஆறு மணிக்கு, வேனில் இருந்தபடி மர நிழலில் நிற்கும் காட்டெருதை எடுக்கும்போது கதை வேறு. ஜூமின் எஃப்/6.3-ஐவிட எஃப்/4 இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். ஜூம்காரர் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி தட்டும்) 6400-இல் திணறும்போது மற்றவர் 2500-இல் எடுத்துவிடுவார். கை நடுங்காமல் பிடிப்பதில் மன்னனாக இருந்தாலும், விலங்கு தலையை ஆட்டினால் படம் கலங்கத்தான் செய்யும். இங்கே காசு ஜெயிக்கிறது.

அப்புறம் ஃபோகஸ். பறக்கும் பறவையின் கண்ணை விடாமல் பிடிப்பது முன்பு வருஷக்கணக்கில் பழகிய வித்தை. கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா அதில் பாதியைப் புதியவருக்கே கொடுத்துவிடுகிறது. பழைய ஆட்கள் சிலருக்கு இதில் வருத்தம். நியாயம்தான், ஆனால் உண்மை.

காட்டுயிர்ப் படக்கலைஞரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார். அதில் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அதைக் காட்டி ‘கருவியே வேண்டாம்’ என்பவர்கள், தனக்கு வேண்டிய கருவிக்காக அவர் எவ்வளவு மெனக்கெட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு சீசனுக்கு ஜூம் போதும். மாலைக் காட்டுக்குப் போகும் நாளில் மட்டும் பெரிய லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம்.