சீல் கிட்டா, புது ராடா, பழைய சிலிண்டரா?

மண் அள்ளும் சின்ன வண்டியான ஸ்கிட் லோடர் எந்தக் கம்பெனியுடையதானாலும் நம்மூரில் அதற்குப் பெயர் பாப்கேட்தான். பழசாக வாங்கினால், வீட்டு ஷெட்டில் முதலில் கழற்ற வேண்டியிருப்பது பெரும்பாலும் லிஃப்ட் சிலிண்டர், அதாவது லோடரின் கையை ஆயில் பிரஷரால் தூக்கும் சிலிண்டர். சிலிண்டருக்குள் போய்வரும் தண்டுதான் ராடு, அது வெளியே வரும் வாயை மூடுவது கிளாண்டு. அந்தக் கிளாண்டு ஓரமாக ஆயில் வழியும். சீல் கிட் (கசிவைத் தடுக்கும் வளையங்களின் செட்) போட்டால் நின்றுவிடும் என்பார்கள். நிற்கும், ராடு நன்றாக இருந்தால்.

ராடைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டவில்லையென்றால் சீல் கிட்டே போதும், செலவும் குறைவு. லோடரின் கையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி பிரஷரை விட்ட பிறகே ஹோஸில் ஸ்பேனர் வையுங்கள். பழைய சீலை அளந்து வாங்காதீர்கள், அது தேய்ந்து உப்பியிருக்கும். ராடின் குறுக்களவு, போரின் (சிலிண்டரின் உட்புறம்) குறுக்களவு, சீல் உட்காரும் பள்ளத்தின் அகலம் மூன்றையும் வெர்னியரில் எடுத்துக்கொண்டு பாரிமுனை சீல் கடைக்குப் போங்கள். பி.யூ. (பாலியூரிதேன்) சீலை வெதுவெதுப்பான ஆயிலில் போட்டு வைத்தால் மடங்கிக் கொடுக்கும். ராடு சீலின் உதடு உள்ளே பிரஷர் பக்கம், தூசியை வழித்துத் தள்ளும் வைப்பரின் உதடு வெளியே. பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: கிளாண்டை ராடில் ஏற்றும்போது நுனி மரையே புது சீலைக் கீறிவிடும். மரையின் மேல் இரண்டு சுற்று டேப் சுற்றுங்கள்.

நகம் தட்டினால் கதை வேறு. எண்ணூர், திருவொற்றியூர் உப்புக்காற்றில் வெளியே நீட்டியபடி நின்ற ராடில் குரோம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருக்கும். மேலே துருத்தும் பிசிறை எண்ணெய்க்கல் எடுக்கும், குழியை எதுவும் எடுக்காது. அதன்மேல் புது சீல் போடுவது காசைக் கரைப்பதுதான்.

அப்போது ராடு வேலை. பழைய குரோமை அரைத்தெடுத்து, மறுபடி ஹார்ட் குரோம் ஏற்றி, அளவுக்கு கிரைண்ட் செய்யலாம். குழி ஆழமென்றால் அரைத்தாலும் போகாது. 40, 50 மி.மீ. ராடுக்குக் கடையில் கிடைக்கும் குரோம் ராடையே வாங்கி, அம்பத்தூர் பக்கம் லேத்தில் மரை போட்டு, பின் (ஆணி) நுழையும் துளை உள்ள பழைய கண்ணை வெல்டு வைப்பதே மேல். வெல்டு வைக்கும்போது குரோமை ஈரச் சாக்கால் சுற்றுங்கள், ஒரு தீப்பொறி ஒட்டினாலும் சீல் கிழியும். கண்ணின் மையத்திலிருந்து பிஸ்டன் உட்காரும் இடம்வரை பழைய நீளம் அப்படியே வர வேண்டும். இரண்டு பக்க சிலிண்டரும் ஒத்துப்போகாவிட்டால் கை முறுக்கிக்கொண்டு ஏறும்.

புதுப்பேட்டையிலோ உடைப்பு யார்டிலோ பழைய சிலிண்டர் வாங்குவது கடைசி வழி. போர் கீறியிருந்தாலோ, உடல் நசுங்கியிருந்தாலோ மட்டும் அதற்குப் போங்கள். போர், ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்), மூடிய நிலையில் கண்ணுக்குக் கண் நீளம், பின்னின் அளவு நான்கும் பொருந்த வேண்டும். ராடை முழுதாக வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கிளாண்டைக் கழற்ற விடாதவரிடம் வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் சீல் எப்படியும் காய்ந்துதான் இருக்கும், கிட் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

மாட்டிய பின் லோடு இல்லாமல் ஐந்தாறு முறை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை விரட்டுங்கள். ஆயில் மட்டத்தை லோடரின் கை கீழே இருக்கும்போது பாருங்கள். கசிவு தேட அட்டைத்துண்டு பிடியுங்கள், உங்கள் கையை நீட்டாதீர்கள்: ஊசிபோலப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.