செல்ஃப் எடுக்காத மோட்டார்ஹோம்: அவசரப் பொத்தானா, ஜம்பர் கேபிளா, ஜம்ப் பேக்கா?

மூன்றுமே, வீடுபோல் தங்கும் வசதியுள்ள இந்த வண்டியைக் கிளப்பத்தான். ஆனால் கோளாறு பேட்டரியில் இருந்தால் மட்டுமே மூன்றும் உதவும். அதனால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் "டக்டக்டக்" என்று அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு "டக்", ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டை (மின்காந்தத்தால் மூடும் கனமான சுவிட்ச்) சந்தேகிக்கலாம். சத்தமே வராமல் விளக்குகள் நன்றாக எரிந்தால் ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச்), ஃபியூஸ், கியரில் இருக்கும்போது செல்ஃபைத் தடுக்கும் சுவிட்ச் என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் லிவரை நியூட்ரலுக்குத் தள்ளி ஒருமுறை திருப்பிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

அடுத்தது மல்டிமீட்டர். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி வலுவிழந்துவிட்டது. 11-க்கு மேலேயே நின்றும் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? கோளாறு கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், நெகட்டிவை இன்ஜினோடும் சட்டத்தோடும் இணைக்கும் எர்த் பட்டை அரித்திருக்கிறது. வண்டிக்கு அடியில் சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கும் பட்டை அது. அதைக் கழற்றித் தேய்த்து இறுக்காமல் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு.

பேட்டரிதான் காலி என்று உறுதியானால், முதலில் கை போக வேண்டியது டாஷ்போர்டில் உள்ள அவசர ஸ்டார்ட் பொத்தானுக்கு. எல்லா வண்டியிலும் இது இருக்காது. இருந்தால் வெளியார் உதவி தேவையில்லை, கேபிளைத் தேடி இறங்கவும் வேண்டாம். அழுத்தியதும் ஒரு கனமான சொலினாய்டு மூடி, வீட்டுப் பேட்டரியை (வண்டிக்குள் விளக்கு, ஃபிரிட்ஜுக்கான தனி பேட்டரி) இன்ஜின் பேட்டரியோடு இணைக்கிறது. அழுத்தியவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். ஜெனரேட்டரையோ வெளி மின்சாரத்தையோ போட்டு வீட்டுப் பேட்டரியின் சார்ஜரை ஓடவிட்டு, பொத்தானை ஒரு நிமிடம் பிடித்திருங்கள். காலியான பேட்டரிக்குள் கொஞ்சம் சார்ஜ் ஏறியபின் திருப்பினால் பலன் அதிகம். சொலினாய்டு தொடர் பயன்பாட்டுக்கான வகை இல்லையென்றால் அதற்கு மேல் பிடிக்க வேண்டாம், அதன் காயில் (கம்பிச் சுருள்) சூடாகும். இதன் பலவீனம் உள்ளே இருக்கும் தொடுமுனை. வருடக்கணக்கில் அழுத்தாமலே இருந்து அரித்துப்போயிருக்கும். "டக்" என்று கேட்கும், மின்சாரம் கடக்காது. பொத்தானைப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கும்போது சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதை மாற்றிவிடுங்கள்.

ஜம்பர் கேபிளுக்கு இன்னொரு வண்டி வேண்டும். அது கிடைத்துவிட்டால், நல்ல கேபிளைவிட நம்பகமான வழி வேறில்லை. சிக்கல் கேபிளின் தடிமனில்தான். மோட்டார்ஹோமில் பேட்டரி படிக்கட்டுக்கு அடியிலோ பின்புறமோ இருக்கும், எட்டாது. 4 மீட்டர் கேபிள் என்றால் போகவும் வரவும் 8 மீட்டர் செம்பு. 300 ஆம்பியர் பாயும்போது 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 4 வோல்ட்டுக்கு மேல் போகும். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இந்த மெல்லிய கம்பி ஒளிந்திருக்கலாம். டீசல் இன்ஜினுக்கு 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் 50 வாங்குங்கள். சிவப்பு முதலில் காலியான பேட்டரியில், அதன் மறுமுனை உதவும் வண்டியில். கறுப்பு உதவும் வண்டியில், கடைசி முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில். உதவும் வண்டியை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டபின் முயலுங்கள். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவே ஓரிரு நிமிடம் இடைவெளி கொடுங்கள். கறுப்பை பேட்டரி முனையில் மாட்டியபோது திணறிய இன்ஜின், பிளாக்கில் மாட்டியதும் சட்டென்று கிளம்பினால், எர்த் பட்டைதான் குற்றவாளி.

கையில் எடுத்துச் செல்லும் சிறு பேட்டரியான லித்தியம் ஜம்ப் பேக், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தனியே நிற்பவனுக்கும் கைகொடுக்கும். ஆனால் பெட்டியில் அச்சிட்ட 1000, 2000 ஆம்பியர் கணநேர உச்சம் மட்டுமே. 60 வாட்-மணி பேக்கில் இருப்பது ஏறக்குறைய 5 ஆம்பியர்-மணி. 300 ஆம்பியரில் 5 விநாடி சுற்ற 0.4 ஆம்பியர்-மணிதான் செலவு, ஆகவே சில முயற்சிகளுக்கு அது போதும். பேட்டரியை நிரப்ப அது உதவாது. உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரியில் மாட்டினால் பேக்கின் மின்சாரமும் அதற்குள்ளேயே போய்விடும். பேட்டரி அடியோடு காலியாக இருந்தால் பல பேக்குகள் அதை அடையாளமே காணாது, கைமுறைப் பொத்தானை அழுத்த வேண்டும். வெயிலில் காயும் கேபினில் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

ஈய-அமில வீட்டுப் பேட்டரி உள்ள வண்டிக்கு, சோதித்து வைத்த பொத்தானும் ஒரு ஜம்ப் பேக்கும் போதும். கேபிள் பெரிய டீசலுக்குத்தான்.

நிற்கும் வண்டியில் பேட்டரி ஏன் காலியாகிறது என்பதையும் பாருங்கள். 50 மில்லிஆம்பியர் கசிவு சாதாரணம்தான், ஆனால் அது நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி போயிற்று. கூரையில் சோலார் இருந்தாலும் பல வண்டிகளில் அது வீட்டுப் பேட்டரியை மட்டுமே நிரப்பும். நெகட்டிவைத் துண்டிக்கும் சுவிட்ச் கசிவை நிறுத்தும். அலாரமும் ரேடியோ நினைவும் போய்விடும். வீட்டுப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது சில ஆம்பியரை இன்ஜின் பக்கம் கசியவிடும் சிறு கருவி அதைவிட நல்லது.

வீட்டுப் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியிருந்தால் கணக்கே மாறும். இரண்டு பேட்டரிகளையும் 13.3 வோல்ட்டில் சேர்த்து 12.8-இல் பிரிக்கும் ரிலே, ஓய்விலேயே 13.3 காட்டும் லித்தியத்தோடு பிரியவே பிரியாது. அதனால்தான் இன்ஜின் பக்கத்திலிருந்து வீட்டுப் பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜர் போடுகிறார்கள். அது ஒருவழிப் பாதை. இன்ஜின் பேட்டரிக்குத் திருப்பி ஊட்டும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவசரப் பொத்தானின் கதையும் அங்கே முடிகிறது: 100 ஆம்பியருக்கு வரம்பிட்ட பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் 300 இழுத்தால் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும், வண்டிக்குள் விளக்கும் ஃபிரிட்ஜும் சேர்ந்து அணையும். அத்தகைய வண்டியில் பொத்தானின் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி விடுங்கள்.