மேக் பம்பரும் அடுத்து வந்த வண்டியும்: தன்னார்வத் தீயணைப்பில் என் பத்து வருட அனுபவம்

பென்சில்வேனியாவில் நான் குடியிருக்கும் சின்ன ஊரின் தீயணைப்பு கம்பெனியில் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனி என்றதும் வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளினும் நண்பர்களும் ஃபிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்தே ஊர்க்காரர்கள் கூடித் தீயணைக்கும் சங்கத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். அன்று உறுப்பினர்கள் தோல் வாளிகளும், எரியும் வீட்டுச் சாமான்களை அள்ளிப்போட துணிப் பைகளும் தயாராக வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு பம்பர் (தண்ணீரை அழுத்தித் தள்ளும் பம்ப் பொருத்திய தீயணைப்பு வண்டி), தண்ணீர் சுமந்து வர ஒரு டேங்கர், புல் தீக்கு ஒரு பிக்கப். யாருக்கும் சம்பளம் கிடையாது. பேஜர் அடித்தால் சொந்தக் காரில் நீல விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவோம்.

ஸ்டேஷன் சுவரில் பழைய வண்டிகளின் படங்கள் இருக்கின்றன. முதலாவது ஃபோர்டு மாடல் டி, அதன்மேல் கெமிக்கல் டேங்க். சோடா உப்புக் கரைசலில் கந்தக அமிலம் கலந்ததும் பொங்கும் கரியமில வாயுவே தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளிவிடும், பம்ப்பே தேவையில்லை. அந்தப் படத்தின் முன் நான் நின்ற நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் என் கை பழகியது மேக் சிஎஃப் என்ற எங்கள் பழைய பம்பரில். மேக் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்து 1990 வரை செய்த மாடல், எங்களுடையது எண்பதுகளில் வாங்கியது. கிளட்ச், ஐந்து கியர், நிமிடத்துக்கு 1,000 காலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் தள்ளும் பம்ப். பின்னால் உட்காருபவர்களுக்கு முழுக் கதவு கிடையாது, ஜனவரி மாதம் மூக்கு மரத்துப் போகும். ஒரு ஹோஸை மூடும்போது அடுத்த ஹோஸைப் பிடித்திருப்பவர் கையில் பிரஷர் எகிறாமலிருக்க ரிலீஃப் வால்வை நாமே பார்த்து வைக்க வேண்டும். முதல் வருடம் எனக்கு அது பிடிபடவே இல்லை, அப்புறம் எஞ்சின் சத்தத்தை வைத்தே பம்ப் திணறுகிறதா என்று சொல்ல முடிந்தது. உறைபனிக் காலத்தில் ஒவ்வொரு முறையும் பம்ப்பில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும், ஒரு வால்வை மறந்தாலும் உறைந்து வெடித்துவிடும். ஹைட்ரன்ட், அதாவது தீயணைப்புக்கான தெருக் குழாய், இல்லாத பண்ணைப் பக்கம் ஒரு தானியக் கொட்டகை எரிந்த இரவில், குளத்திலிருந்து உறிஞ்சி விடிய விடிய ஓடியது அந்த வண்டிதான். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இப்போது முன்னால் போவது 2009-இல் வாங்கிய பம்பர். ஆறு பேருக்கு மூடிய கேபின், எல்லோருக்கும் சீட் பெல்ட், பிரஷரைத் தானே சமாளிக்கும் கவர்னர் என்ற கருவி. பாதுகாப்பில் மேக்கை இதோடு ஒப்பிடவே முடியாது, புதிதாக வருபவர்களும் இதில்தான் சீக்கிரம் கற்கிறார்கள். குறை, டீசல் புகைக்கான 2007 விதிகளால் வந்த புகைக்கரி வடிகட்டி. தீயணைப்பு வண்டி பாதி நேரம் நின்ற இடத்தில் ஓடுவது, அதனால் கரி சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் பலம் இறங்கிவிட்டது, அன்று பக்கத்து ஊர் வண்டி வராமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைக்கிறேன். அவசர வண்டிகளுக்கு 2012-இல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள், ஆனால் அதற்கேற்ற மாற்றத்தை எங்கள் வண்டியில் செய்து வாங்கத்தான் மாதக்கணக்கில் அலைந்தோம். செய்த பிறகு தொல்லை இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை பம்ப் சோதனை உண்டு: 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பிரஷரில் பம்ப் தள்ள வேண்டிய தண்ணீர் முழு அளவும் 20 நிமிடம், 200-இல் 70 சதவீதம், 250-இல் பாதி, இரண்டும் பத்துப் பத்து நிமிடம். மேக் தன் கடைசிச் சோதனையிலும் தேறியது. கேபினுக்காகத்தான் அதை ஓய்வுக்கு அனுப்பினோம், பம்ப்புக்காக அல்ல.

இந்தச் செலவுக்கெல்லாம் கோழி பார்பிக்யூ, பிங்கோ என்று நாங்களேதான் பெரும்பகுதியைச் சேர்க்கிறோம். பணத்தைவிட ஆள்தான் கஷ்டம். 1970-களில் பென்சில்வேனியாவில் சுமார் 3 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள், 2018 அறிக்கையில் அது 38,000 அளவுக்கு வந்துவிட்டது. பகல் அழைப்புக்கு நாங்கள் மூன்று பேர் வந்தாலே நிம்மதி.

அடுத்த டேங்கர் வாங்கும் குழுவில் நானும் இருக்கிறேன். திரையோ பொத்தானோ குறைந்தால் சரி, பம்ப் வால்வுகளைக் கையால் திறக்கும்படியும், வடிகால் அத்தனையும் ஒரே பக்கத்தில் எட்டும்படியும் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.